வெள்ளைப் பாண், பிரவுன் பாண், குரக்கன் பாண், ஆட்டா ரொட்டி: மலையக வீட்டுக்கு எது?

கிளினிக்கில் "சீனி கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொன்ன மறுநாள், நம் பக்கத்து வீடுகளில் முதலில் மாறுவது பாண்தான். வெள்ளைப் பாண் போய்ப் பிரவுன் பாண் வருகிறது. சில வீடுகளில் குரக்கன் பாண். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகிறவரிடம் "வரும்போது அந்தக் கறுத்தப் பாணைப் பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். சாதாரண இறாத்தல் பாணைவிட அதற்கு விலை கூட. வீட்டில் ஒருவருக்கு மட்டும் அது. மற்றவர்களுக்குப் பழையபடி வெள்ளைப் பாணும் கோதுமை மா ரொட்டியும்.

கூடுதலாகக் கொடுக்கிற அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு. தெரிவுகள் நான்கு: பேக்கரியின் வெள்ளைப் பாண், பிரவுன் பாண் அல்லது முழுக் கோதுமைப் பாண், குரக்கன் பாண், அப்புறம் ஆட்டா மாவில், அதாவது முழுக் கோதுமை மாவில், வீட்டில் சுடும் ரொட்டி. நான்காவதைப் பலர் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஆனாலும் பாணிலிருந்தே தொடங்குவோம், கேள்வி வருவது அங்கிருந்துதானே.

ஒரு கோதுமை மணியை எடுத்துக்கொண்டால் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு, மணியின் எடையில் ஏறக்குறைய 14 வீதம். ஓர் ஓரத்தில் முளை, 3 வீதத்துக்கும் குறைவு. மீதி 83 வீதம் அளவு உள்ளே இருக்கும் மாப்பகுதி. வெள்ளை மா அரைக்கும்போது தவிட்டையும் முளையையும் நீக்கிவிடுகிறார்கள். நூறு கிலோ கோதுமை போட்டால் எழுபத்தைந்து கிலோ அளவு வெள்ளை மா வரும், மற்றது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். நார்ச்சத்து, மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, பி வைட்டமின்கள், வைட்டமின் ஈ எல்லாம் பெரும்பாலும் அந்த நீக்கிய பகுதியில்தான் இருக்கின்றன. மாடு நம்மைவிட நன்றாகச் சாப்பிடுகிறது.

மாவை மாவாக வைத்து 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வெளியிலிருந்து எந்தச் சத்தும் சேர்க்காத வெள்ளைக் கோதுமை மாவில் நார்ச்சத்து 2.7 கிராம்; முழுக் கோதுமை மாவில் 10.7. மக்னீசியம் 22 மில்லிகிராம். முழுக் கோதுமையில் 137. இரும்பு 1.2 மில்லிகிராம், அங்கே 3.6. துத்தநாகம் 0.7, அங்கே 2.6. புரதம் 10 கிராம், அங்கே 13. கலோரி மட்டும் பெரிதாக மாறுவதில்லை: 364, 340. ஆகவே உடம்பு மெலிவதற்காகப் பிரவுன் பாண் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால், கலோரிக் கணக்கு அவருக்குப் பெரிதாக உதவாது. வயிறு கொஞ்சம் சீக்கிரம் நிறைந்து, அதனால் ஒரு துண்டு குறைந்தால் உண்டு.

இப்போது பாணுக்கு வருவோம். இறாத்தல் பாணின் எடை 450 கிராம் இருக்க வேண்டும் என்பது நுகர்வோர் அதிகார சபையின் விதி. ஒருவர் காலையில் கால் இறாத்தல் சாப்பிடுகிறார் என்று வைப்போம், அதாவது 110 கிராம் சொச்சம். வெள்ளைப் பாண் என்றால் நார்ச்சத்து 3 கிராம் அளவு கிடைக்கும். உண்மையான முழுக் கோதுமைப் பாண் என்றால் 7 கிராம் அளவு. ஒரு நாளைக்குப் பெரியவர் ஒருவருக்கு உணவிலிருந்து குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. காலைச் சாப்பாட்டிலேயே கால் பங்குக்கு மேல் முடிந்துவிடுவது நல்ல விஷயம்தான். முழுத் தானியம் நாளொன்றுக்கு 90 கிராம் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களிடம் இதய நோய், பக்கவாதம் முதலானவை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவாக இருப்பதாக, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணிப்பு 2016இல் வெளிவந்தது. முழுத் தானியம் சாப்பிடுகிறவர்கள் மற்றப் பழக்கங்களிலும் கவனமானவர்களாக இருக்கக்கூடும் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் தட்டில் வைத்துவிட முடியாது. ஆனால் போகும் திசை சரிதான்.

சிக்கல் "உண்மையான" என்ற இடத்தில் இருக்கிறது.

பேக்கரி அலுமாரியில் மண்ணிறமாக இருப்பதெல்லாம் முழுக் கோதுமை இல்லை. வெள்ளை மாவில் கொஞ்சம் தவிடு தூவி, கருக்கிய சீனியோ கரமல் நிறமோ சேர்த்தாலும் பாண் அதே நிறத்துக்கு வந்துவிடும். உறை போட்ட பாண் என்றால் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் போடுவார்கள். முதலில் முழுக் கோதுமை மா என்று இருந்தால் சரி. முதலில் வெறும் கோதுமை மா என்று இருந்து, முழுக் கோதுமையோ தவிடோ சீனிக்கும் ஈஸ்ட்டுக்கும் பக்கத்தில் வந்தால், நீங்கள் நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவிலும் டவுன் பேக்கரியிலும் வாங்குவதற்கு உறை விபரம் இருக்காது. அங்கே கையும் பல்லும்தான் சோதனை. முழுக் கோதுமைப் பாண் அதே பருமனுக்குக் கனமாக இருக்கும், உயரம் குறைவாக எழும்பியிருக்கும், வெட்டிய இடத்தில் தவிட்டுப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும், மென்றால் கொஞ்சம் நேரம் எடுக்கும். தவிட்டுத் துணுக்குகள் மாவின் பசையை அறுத்துவிடுவதால் காற்று நிற்காது, அதனால்தான் இந்தக் கனம். வெள்ளைப் பாண் மாதிரியே பஞ்சாக அமுங்கி, எங்கும் ஒரே சீரான மண்ணிறமாக இருந்தால் சந்தேகப்படலாம். பேக்கரிக்காரரிடம் "ஆட்டா மா எத்தனை பங்கு போடுறீங்க?" என்று கேட்பதில் தப்பில்லை. அநேகம் பேர் மறைக்காமல் சொல்வார்கள்.

சரி, உண்மையான முழுக் கோதுமைப் பாணே கிடைத்துவிட்டது என்று வைப்போம். சீனி வருத்தக்காரருக்கு அது நல்லதா?

இங்கேதான் பலர் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. சாப்பாடு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசீமிக் குறியீட்டில், குளுக்கோஸை 100 என்று வைத்தால், பல நாட்டு அளவீடுகளின் சராசரியில் வெள்ளைப் பாண் 75, முழுக் கோதுமைப் பாண் 74. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். காரணம் அரைப்பு. தவிடு கூடவே இருந்தாலும் மாவை நைசாக அரைத்துவிட்டால் மாச்சத்து முழுக்க வெளியே வந்துவிடுகிறது. வயிற்றில் அது கரைவதைத் தவிடு பெரிதாகத் தடுப்பதில்லை. மணி மணியாக, உடைத்த தானியம் தெரிகிற மாதிரிச் செய்த பாணுக்குத்தான் குறியீடு கணிசமாக இறங்கும். அது நுவரெலியா ஹோட்டல் காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கலாம், நம் டவுன் பேக்கரிகளில் தேடுவது கஷ்டம்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, "அப்ப டொக்டர் சொன்னது பொய்யா?" என்று. இல்லை. முழுத் தானியத்தின் பலன் மற்ற வழிகளில் வருகிறது: மலச்சிக்கல் குறைவது, மக்னீசியம், வயிறு நிறைவது, நீண்ட காலத்தில் இதயத்துக்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்க்கும் சீனி அளவு குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பாணின் நிறத்தில் இல்லை. எத்தனை துண்டு, கூட என்ன என்பதில் இருக்கிறது. அரை இறாத்தல் பிரவுன் பாணைச் சீனி போட்ட பால் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டவரைவிட, மூன்று துண்டு வெள்ளைப் பாணைக் கெட்டிப் பருப்போடும் ஒரு முட்டையோடும் சாப்பிட்டவருக்குச் சீனி குறைவாகவே ஏறும். பிரவுன் பாண் என்ற தைரியத்தில் இரண்டு துண்டு கூடச் சாப்பிடுவது நான் அதிகம் பார்க்கும் விஷயம். அது வெள்ளைப் பாணைவிட மோசம்.

கொலஸ்ட்ரோலுக்காகப் பிரவுன் பாணுக்கு மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோதுமைத் தவிட்டின் நார் பெரும்பாலும் தண்ணீரில் கரையாதது. வயிற்றைச் சுத்தமாக வைக்கும், கொலஸ்ட்ரோலைப் பெரிதாக இறக்காது. அந்த வேலை ஓட்ஸிலும் பருப்பு, கௌபி, கடலை வகைகளிலும் இருக்கும் கரையும் நாருக்கு உரியது.

குரக்கன் பாணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குரக்கன் அருமையான தானியம். குரக்கன் பாண் அவ்வளவு இல்லை. குரக்கன் மாவில் பாணை எழும்பவைக்கும் பசை கிடையாது. ஆகவே எந்தப் பேக்கரியும் கோதுமை மாவை அடிப்படையாக வைத்துக் கொஞ்சம் குரக்கன் கலந்துதான் செய்ய முடியும். பத்தில் ஒரு பங்கு குரக்கன் என்று வைத்துக்கொள்வோம். கால் இறாத்தலில் மா 75 கிராம் என்றால் குரக்கன் ஏழு, எட்டுக் கிராம். குரக்கனின் பெருமையே கல்சியம், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவு. ஏழு கிராமில் 25 மில்லிகிராம். இதற்காகவா கூடுதல் விலை? அதே குரக்கன் மாவை வாங்கி வீட்டு ரொட்டியில் பாதிக்குப் பாதி போட்டால், ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் 150 கிராம் மாவில் குரக்கன் 75 கிராம் விழும், கல்சியம் 260 மில்லிகிராம் அளவுக்குப் போகும். ஒரு கிளாஸ் பாலில் இருப்பதற்குச் சமம், பாலில் இருந்து ஏறுகிற அளவுக்கு இதிலிருந்து உடம்பில் ஏறாது என்றாலும். பசறை, லுணுகலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மொனராகலைக் குரக்கன் பக்கத்திலேயே விளைகிறது. அவர்கள் குரக்கன் பாண் வாங்குவது எனக்கு விளங்குவதே இல்லை. ஒன்று மட்டும்: நைசாக அரைத்த குரக்கன் ரொட்டியும் சீனியை ஏற்றத்தான் செய்யும். கறுப்பாக இருக்கிறது என்று ஆறு ரொட்டி சாப்பிட வேண்டாம்.

இனி ரொட்டி. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, சுடுதண்ணீர், ஒரு தோசைக்கல்லு. காலையில் சுட்டால் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போக முன் ஒன்று, மலைக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு, ஸ்கூல் பிள்ளைக்கு ஒன்று. பாண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ரொட்டி ஒரு சம்பலோடு பொலித்தீன் பையில் தேயிலைச் செடி மேல் இருந்தாலும் மத்தியானம் சாப்பிடலாம். கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கும் வேலைக்கு அதன் கனம் பொருத்தம். கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. தோட்டத்துக்கு அது அரிசியோடு சேர்ந்து பங்காக வந்து, சம்பளத்தில் கழிபட்டு, அப்படியே நம் சாப்பாடாகிவிட்டது. வந்தது வெள்ளை மா என்பதால் ரொட்டியும் வெள்ளை மா ரொட்டியாகவே நிலைத்துவிட்டது. 2022இல் மா கிடைக்காமல் விலை தாறுமாறாக ஏறியபோதுதான், எவ்வளவு தூரம் இந்த ஒரு மாவில் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்று எல்லோருக்கும் உறைத்தது.

ஒரு தோட்டத்து வீட்டில் பாண் வாரத்தில் சில நாள், ரொட்டி அநேகமாகத் தினமும். அப்படியென்றால் சத்தைக் கூட்ட வேண்டிய இடம் பாண் இல்லை, ரொட்டிதான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் விலை கூடிய பாண் வாங்குவதைவிட, எல்லோரும் சாப்பிடும் ரொட்டியின் மாவை மாற்றுவது லாபம். ஒருவர் ஒரு நாளில் ரொட்டியாகச் சாப்பிடும் மா 150 கிராம் என்று வைப்போம். முழுக்க வெள்ளை மா என்றால் நார்ச்சத்து 4 கிராம். நாலில் ஒரு பங்கு ஆட்டா மா சேர்த்தால் 7. பாதிக்குப் பாதி என்றால் 10. முழுக்க ஆட்டா என்றால் 16. தேங்காய்ப்பூ கொஞ்சம் தாராளமாகப் போட்டால் இன்னும் இரண்டு கிராம் கூடும், கூடவே கொழுப்பும் கூடும். மலையில் வேலை செய்பவருக்கு அது பரவாயில்லை, டவுனில் கடையில் உட்கார்ந்திருப்பவர் கையை அளந்து போடலாம்.

இதைப் பாணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி ஆட்டா கலந்த ரொட்டியே கால் இறாத்தல் முழுக் கோதுமைப் பாணை நார்ச்சத்தில் தாண்டிவிடுகிறது. மாவின் அளவு ரொட்டியில் இரண்டு மடங்கு என்பதும் அதற்கு ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ரொட்டி என்றால் நாம் சாப்பிடும் அளவே அதுதான். உப்பும் நம் கையில். பாணில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம், வெள்ளையாக இருந்தாலும் பிரவுனாக இருந்தாலும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறபோது, மாசிச் சம்பலும் கருவாடும் அப்புறம் எங்கே போவது? பிரஷர் உள்ளவர் வீட்டில் ரொட்டி மாவுக்கு உப்பைப் பாதியாகக் குறைத்தால் யாருக்கும் தெரியாது, சம்பல் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டா மா வாங்கும்போதும் உறையைப் பார்க்க வேண்டும். முழுக் கோதுமையை அரைத்தது என்று இருக்கிறதா, வெள்ளை மாவில் தவிடு கலந்ததா என்று. நல்ல ஆட்டா மாவை விரலுக்கு நடுவில் தேய்த்தால் சொரசொரப்பு இருக்கும், மணமும் வெள்ளை மாவைவிடத் தூக்கலாக இருக்கும்.

ஆட்டா ரொட்டியை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று முறைப்பாடு வரும். வெள்ளை மாவுக்கு ஊற்றும் அதே அளவு தண்ணீரை ஊற்றிக் குழைத்து உடனே சுட்டால் தோல் மாதிரித்தான் வரும். தவிடு தண்ணீர் குடிக்கும். கொஞ்சம் கூடத் தண்ணீர், அதுவும் நல்ல சூடான தண்ணீர், ஊற்றிக் குழைத்து அரை மணி நேரம் மூடி வைத்தால் தவிடு ஊறி ரொட்டி மெதுவாக வரும். முதல் இரண்டு வாரம் நாலில் ஒரு பங்கு. பிள்ளைகள் கண்டுபிடிக்கமாட்டார்கள். அப்புறம் பாதி. முழுக்க ஆட்டாவுக்குப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், பாதியில் நின்றுகொண்டாலே பெரிய மாற்றம். பல் இல்லாத வயசானவர்களுக்குப் பாதி ஆட்டா ரொட்டியைப் பருப்புத் தண்ணியில் ஊறவைத்துக் கொடுக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் அவர்களுக்கு வெள்ளைப் பாணே இருக்கட்டும், நார்ச்சத்துக்குக் கீரையும் பப்பாசியும் கொடுத்தால் போகிறது.

பருப்பை விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோதுமை எந்த நிறத்தில் இருந்தாலும் அதன் புரதத்தில் லைசின் என்ற ஒரு பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய. ரொட்டியும் பருப்பும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும். வெறும் கட்டச் சம்பலோடு ஆட்டா ரொட்டி சாப்பிடுவதைவிட, பருப்போடு வெள்ளை ரொட்டி சாப்பிடுவது வளர்கிற பிள்ளைக்கு மேல். கடலை, கௌபி என்றால் இரவே ஊறப்போட வேண்டும். நுவரெலியா உயரத்தில், 1,868 மீற்றரில், தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வகை அவிய நேரம் எடுக்கும். மேட்டுத் தோட்டங்களில் குக்கர் இல்லாமல் கௌபி அவிப்பது விறகுக்குக் கேடு.

இப்போது தேத்தண்ணிக்கு வருகிறேன். மலையகத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதிவிட்டுத் தேயிலையை விட்டால் அது அரைகுறைக் கணக்கு.

முழுக் கோதுமை மாவில் இரும்பு மூன்று மடங்கு என்று மேலே எழுதினேன். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தசோகை ஒரு பழைய பிரச்சினை, ஆகவே அந்த எண் கண்ணை இழுக்கும். ஆனால் தவிட்டில் இரும்போடு கூடவே ஃபைட்டேட் என்ற ஒரு பொருளும் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குடலில் ஏறவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். ஆட்டா மாவில் இரும்பு மூன்று மடங்கு இருந்தாலும் உடம்பில் ஏறுவது மூன்று மடங்கு இல்லை, சில நேரம் வெள்ளை மாவோடு பெரிய வித்தியாசமே இருக்காது. அதற்கு மேல் ஒரு கோப்பை சாயத்தண்ணி. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், தானியத்திலிருந்து ஏறும் இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். ரொட்டியைக் கடித்துச் சாயத்தண்ணியால் தொண்டையில் இறக்குவது நம் பழக்கம். பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

ஆட்டா மாவுக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் வீடு, ஒரு சதம் செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இதுதான்: சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேர இடைவெளி. காலையில் எழும்பியதும் குடிக்கிற முதல் கோப்பை பிரச்சினை இல்லை, வயிற்றில் ரொட்டி இல்லையே. ரொட்டியோடு குடிக்கும் கோப்பையைப் பத்து மணிக்குத் தள்ளினால் போதும். சாப்பிடும் நேரத்தில் வெந்நீர். குளிருக்கு அதுவும் இதம்தான், ருசி இல்லை என்பது உண்மை.

இரும்பை ஏற்ற உதவுவது வைட்டமின் சி. தேசிக்காய் பிழிந்த பச்சைச் சம்பல், வல்லாரைச் சம்பல், பச்சைத் தக்காளி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொய்யாப்பழம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. வேலியோரம் பழுத்து விழுவதை மலைக்குப் போகும்போது பறித்துக்கொண்டு போய் மத்தியான ரொட்டியோடு சாப்பிடலாம். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும், சூட்டில் சி அழிந்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் பாணுக்கு ரொட்டியைவிட ஒரு புள்ளி கூட. பாண் மா ஈஸ்ட்டோடு புளிக்கும்போது கோதுமைக்குள் இருக்கும் ஒரு நொதியம் ஃபைட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. நம் குளிரில் மா எழும்ப நேரம் எடுப்பது பேக்கரிக்காரருக்குத் தலையிடி, சாப்பிடுகிறவருக்கு லாபம். அவசரமாக எழும்ப வைத்த பாணில் இந்தப் பலன் குறைவு. ரொட்டி மாவுக்கும் இதில் பாதியாவது கொடுக்கலாம்: ஆட்டா மாவை முதல்நாள் இரவே கொஞ்சம் தயிரோ மோரோ விட்டுக் குழைத்து மூடி வைத்து, காலையில் தேங்காய்ப்பூவைச் சேர்த்துச் சுடுவது. லேசான புளிப்பு வரும். எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. தேங்காய்ப்பூவை இரவே போட்டால் கெட்டுப்போகும், அதை மட்டும் கவனியுங்கள்.

இரத்தசோகை என்று கிளினிக்கில் குளிசை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு ஆட்டா ரொட்டியை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிசையில் இருக்கும் இரும்புக்கு எந்த ரொட்டியும் ஈடாகாது. குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது.

ஆக, யாருக்கு எது? டவுனில் இருந்து, காலையில் சமைக்க நேரமில்லாமல், பாண்தான் சாப்பாடு என்றிருப்பவர் உறையில் முழுக் கோதுமை முதலில் வருகிற பாணுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், அதற்கு அது தகும். அப்படியானது கிடைக்காவிட்டால் நிறம் பூசியதை வாங்காமல் சாதாரண இறாத்தல் பாணையே வாங்கி, மிச்சக் காசுக்கு இரண்டு முட்டை வாங்கட்டும். சீனி வருத்தக்காரர் எந்தப் பாணாக இருந்தாலும் துண்டை எண்ணிச் சாப்பிட வேண்டும், மாஜரினும் ஜாமும் இல்லாமல், பருப்போ மீனோ முட்டையோ போஞ்சிக் கறியோ கூட வைத்து. தோட்டத்து வீட்டில் தினமும் ரொட்டி சுடுகிறவர்களுக்கு என் தெரிவு பாதி ஆட்டா, பாதி வெள்ளை மா. குரக்கன் மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் வெள்ளை மாவின் இடத்தில் குரக்கன். பிள்ளைகளுக்கும் அதே ரொட்டிதான், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் ஆட்டாவை நாலில் ஒரு பங்கோடு நிறுத்தலாம், சின்ன வயிறு நாரால் நிறைந்துவிட்டால் வேறு சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. கோதுமைப் பசையே ஒத்துக்கொள்ளாத வருத்தம் உள்ளவருக்கு இந்த நான்கில் ஒன்றுமே ஆகாது, ஆட்டாவும் சேர்த்து. அவர்களுக்குச் சிவப்பரிசி மா ரொட்டியும் கலப்பில்லாத குரக்கன் ரொட்டியும் உண்டு.

விலையைப் பொறுத்தவரை ஆட்டா மா வெள்ளை மாவைவிடக் கூடத்தான். பாதி கலப்பதால் அந்தக் கூடுதலும் பாதியாகிறது, முழுக் குடும்பத்துக்கும் பரவுகிறது. மாதச் சாமானை மொத்தமாக எடுக்கும் வீடுகள் ஆட்டா மாவை மட்டும் அப்படி எடுக்க வேண்டாம். முளையில் எண்ணெய் இருப்பதால் அது வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் சிக்கு மணம் அடிக்கும். மழையும் மூடுபனியும் விடாமல் நிற்கும் மாதங்களில் லயத்து வீட்டுச் சுவரே ஈரம் கசியும், மா கட்டி பிடித்துப் பூஞ்சணம் வைக்கும், வண்டும் ஆட்டாவுக்குத்தான் முதலில் வரும். ஒரு கிலோ பக்கெட்டாக வாங்கி, காய்ந்த மூடிப் போத்தலிலோ பழைய பால்மா டின்னிலோ போட்டு, அடுப்புப் பக்கத்துத் தட்டில் சுவரில் முட்டாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குப் பயமில்லை. கசப்பு மணம் வந்துவிட்ட மாவைச் சலித்தாலும் வெயிலில் வைத்தாலும் திரும்பாது. கோழிக்குப் போட்டுவிடுங்கள், பூஞ்சணம் பிடித்தது என்றால் கோழிக்கும் வேண்டாம்.